சீட்டுக்கட்டு சாரும் எட்டு சிப்புகளும்

நான் பார்த்த மனிதர்களிலேயே, கோபப்பட்ட ஒவ்வொரு தடவையும் நியாயம் தன் பக்கம் இருந்தும் அதற்காக ஒரு பாராட்டுக்கூட வாங்காமல் போன ஒரே ஆள் சீட்டுக்கட்டு சார்தான். கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் அவர் சண்டை போடாத டீக்கடை கிடையாது. ஒரு கடையில் சர்க்கரை ஜாஸ்தி. இன்னொன்றில் கம்மி. இரண்டும் சரியாக இருந்த மூன்றாவது கடையில், நேற்று ஏன் இப்படிப் போடவில்லை என்று கேட்டு நின்றார்.

பெயர்தான் சீட்டுக்கட்டு. வாழ்க்கையில் ஒரு நாள்கூட அவர் சீட்டாடியதில்லை. ராணி எது, ஜாக்கி எது என்றே அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட மனிதருக்கு அந்தப் பெயரை வைத்ததையும், அதற்கு மேல் ஒரு மெமோவும் கொடுத்ததையும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் அங்கே ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எந்தத் துறை என்று சொல்லமாட்டேன். சொன்னால் இப்போதும் யாராவது ஃபைலைத் தூசி தட்டுவார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போகவேண்டும் என்றிருந்த காலம் அது. கல்வராயன் மலைமேல் ஒரு சின்ன மருத்துவ நிலையம் இருந்தது. மழைக்குப் போன் கம்பி அறுந்தால் மாதக்கணக்கில் தொங்கும். அதனால் அங்கே ஒரு வயர்லெஸ் பெட்டியும் ஒரு கம்ப்யூட்டரும், இங்கே ஒரு வயர்லெஸ் பெட்டியும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்திருந்தார்கள். மேலே நர்சம்மா இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவதை இங்கே என் பிரிண்டர் அச்சடிக்கும். மருந்து வேண்டும், ஜீப் வேண்டும் என்று வருகிற செய்தியை நான் தெளிவாகத் தட்டி ஜீப் டிரைவர் கையில் கொடுக்கவேண்டும். இந்த மிஷின்களைக் கட்டி மேய்க்கிற டெக்னீசியன்தான் நம் சார்.

களமருதூர்க்காரர். ஒல்லியான ஆள். எதையும் ஒரே இடத்தில் வைக்கமாட்டார். குடும்பத்தோடு எலவனாசூர்கோட்டைக்கு ஒரு விசேஷத்துக்குப் போனால் மனைவி ஒரு பஸ், மகள் அடுத்த பஸ், இவர் அதற்கடுத்த பஸ். கல்யாணமான நாளிலிருந்து இவரோடு ஒரே சீட்டில் உட்கார்ந்ததில்லை என்று அந்த அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டது உண்டு. திருடன் வந்தால் ஒன்றுதான் போகும் என்று இடது செருப்பை வாசலிலும் வலது செருப்பைக் கொல்லைப் பக்கமும் விடுவார். மிச்சமிருக்கிற ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எங்கள் ஆபீஸ் மாடியில். கீழே கோவிந்தனின் வெல்டிங் பட்டறை. அவன் கிரில் கேட்டில் வெல்டிங் கம்பியை வைத்து ஒரு பொறி கிளப்பினால் போதும், மேலே என் பிரிண்டரில் வார்த்தைக்குப் பதில் நட்சத்திரக் குறியாகக் கொட்டும். மலையில் இடி இடித்தாலும் அதே கதைதான். ஆனால் இடியோடு சண்டை போட முடியாது, கோவிந்தனோடு போடலாம். சார் தினமும் காலையில் இறங்கிப் போய்ப் போட்டுவிட்டு வருவார்.

"உன் மிஷினு நெருப்பப் பாத்தா பயப்புடுதுன்னா, அத்தக் கூட்டிக்கினு போயி மந்திரிச்சிக்கினு வா சார். நான் இன்னாத்துக்குக் கடைய மூடணும்?" என்று கோவிந்தன் கேட்டான். அவனுக்கும் கோபம் நியாயமானதுதான். பட்டறை வந்த பிறகுதான் ஆபீஸ் வந்தது.

மிஷினுக்கும் கொஞ்சம் புத்தி இருந்தது என்று சொல்லவேண்டும். எழுத்துகளை எட்டெட்டாக ஒரு வரிசையாகப் பிரித்து, கூடவே ஒரு கணக்கையும் சேர்த்து அனுப்பும். ஒரு வரிசையில் ஒரு எழுத்து கெட்டால் இந்தப் பக்கத்து மிஷின் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு கெட்டால் கையை விரித்துவிடும். கோவிந்தனின் ஒரு பொறிக்கு ஏழெட்டு எழுத்து சேர்ந்தாற்போலப் போய்விடும்.

ஒரு மழை நாள் பிற்பகலில் அந்தச் செய்தி வந்தது. பாம்புக்கடி, ஆண், மருந்தோடு ஜீப் உடனே வரவும். ஊர்ப் பெயர் வருகிற இடத்தில் கீழே பொறி பறந்தது. முன்னால் இருந்த வார்த்தையோடு சேர்ந்து ஊர்ப் பெயரின் தலையும் நட்சத்திரமாகிவிட்டது. மிச்சம் இருந்தது 'மூங்கில்பட்டு' மட்டும். மலையில் மேல்மூங்கில்பட்டு ஒன்று, கீழ்மூங்கில்பட்டு ஒன்று. கரியாலூருக்கு மேலே பாதை பிரிந்து, ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே. திரும்பக் கேட்கலாம் என்றால் மலையில் கரண்ட் போய் நர்சம்மாவின் மிஷின் ஊமையாகிவிட்டது. ஜீப் டிரைவர் வாசலில் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். போன வாரம் பாம்புக்கடிக்கு ஜீப் போனது கீழ்மூங்கில்பட்டுக்கு. நான் நட்சத்திரத்தை எல்லாம் எடுத்துவிட்டுக் 'கீழ்' என்று தட்டிக் கொடுத்தேன்.

அது மேல்மூங்கில்பட்டு.

கடிபட்ட சடையனை நாலு பேர் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி வந்து, ஜீப் திரும்பி வருகிற வழியில் மறித்து ஏற்றியிருக்கிறார்கள். உயிர் பிழைத்தது. வலது காலில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று.

விசாரணைக்குப் பெரிய அதிகாரி வந்தார். சஃபாரி சூட், கையில் தோல் பை. என் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இல்லாத எழுத்தை நான் எந்த அதிகாரத்தில் போட்டேன் என்று கேட்டார். நான் பதில் சொல்ல எழுந்தேன். அதற்குள் சார் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"ஓட்டையோட பேப்பர் குடுத்தது என் மிஷினு. அத்த அடைச்சவங்கள இன்னாத்துக்குக் கேக்குறீங்க? ஓட்டை வுட்டவன நிக்க வெச்சுக் கேளுங்க."

அதிகாரி அவரையே நிற்கவைத்துக் கேட்டார். மெமோவும் அவருக்கே வந்தது. முதல் மெமோ. நான் அழுதுகொண்டிருந்தேன். சார் என்னைத் தேற்றவில்லை, திட்டினார். அழுகிற நேரத்தில் ஒரு மலையில் ஒரே பெயரில் இரண்டு ஊர் எதற்கு என்று கேட்டு ஒரு மனு எழுதியிருக்கலாம் என்றார். சொன்னதோடு நிற்காமல் அவரே எழுதவும் செய்தார். அந்த மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பஸ் ஏறினோம். ஒரே பஸ்ஸில் வந்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சடையன் தன் வீட்டு வாசலில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் உள்ளே குரல் கொடுத்துத் தேன் கொண்டுவரச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்திவிட்டு, இந்த மலைக்கு ஒரு வண்டி புறப்பட்டு வந்ததே பெரிய விஷயம், வழி தவறியது ஒரு குற்றமா என்றார்.

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் மன்னிக்கிறவரோடு சண்டை பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

"நீ கோவப்படணும்யா. ரெண்டு வெரலு போயிருக்குது. எங்கள நிக்க வெச்சுத் திட்டணும்."

"திட்டுனா வெரலு மொளைக்குமா சாமி?" என்று சடையன் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டார்.

"மொளைக்காது. அடுத்த ஆளுக்கு மிஞ்சும்."

திரும்பி வரும்போதும் ஒரே பஸ்தான். கோமுகி அணைக்கருகே பஸ் நின்றபோது சார், தப்பு கும்பலாக வருவதுதான் பிரச்சினை, ஒண்டியாக வந்தால் மிஷின் சமாளிக்கும், அதனால் கும்பலைக் கலைக்கவேண்டும் என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். நான் எதையோ பார்த்துத் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு சீட்டுக்கட்டோடு வந்தார். சீட்டுகளின் முதுகில் ஒவ்வோர் எழுத்தாக எழுதியிருந்தார். மேஜைமேல் எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுச் சீட்டாகப் பரப்பினார். கட்டில் இருந்தது போதாமல் இரண்டாவது கட்டையும் பிரித்தார். பரப்பியதைக் குறுக்காக எடுக்காமல் மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாக எடுத்து அடுக்கினார். "இந்த வரிசையிலதான் ஆகாசத்துல போவுது. இப்ப கோவிந்தன் பொறி அடிக்கிறான்," என்று சொல்லி நடுவிலிருந்து சேர்ந்தாற்போல எட்டுச் சீட்டுகளை உருவி என் மடியில் போட்டார். மிச்சத்தைப் பழையபடி பரப்பினார். நான் குனிந்து பார்த்தேன். காணாமல் போன எட்டும் எட்டு வரிசையில், வரிசைக்கு ஒன்றாகப் பிரிந்து நின்றன. வரிசைக்கு ஒன்று போனால் மிஷினே திருத்திக்கொள்ளுமே.

பக்கத்து அறை டைப்பிஸ்டையும் பியூனையும் கூப்பிட்டு, இன்னொரு தரம் செய்து காட்டச் சொன்னேன். நாலு பேரும் மேஜையைச் சுற்றி நின்று, சார் சீட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது பெரிய அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் உள்ளே வந்தார்.

பிறகு நடந்ததை எழுதவும் கை கூசுகிறது. அலுவலக நேரத்தில், அலுவலக மேஜையில், பெண் ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டு சூதாடியதாக மெமோ. சீட்டின் முதுகில் எழுத்து இருக்கிறது பாருங்கள் சார் என்று நான் காட்டினேன். அடையாளச் சீட்டு வைத்து ஏமாற்றி வேறு ஆடுகிறீர்களா என்று கேட்டார். இரண்டாவது மெமோ. பட்டப்பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. மாலைக்குள் துருகம் ரோடு முழுக்கத் தெரிந்துவிட்டது. கோவிந்தன் கீழேயிருந்து, ஒரு கை குறைந்தால் தன்னைக் கூப்பிடும்படி குரல் கொடுத்தான்.

சார் கலைக்கிற வேலையை முதலில் கம்ப்யூட்டருக்கே சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, யோசித்து, வைத்து முடிப்பதற்குள் நான் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். பாம்புக்கடிக்கு அது ஆகாது. அதனால் தனியாக ஒரு போர்டு செய்ய உட்கார்ந்தார். எழுத்துகளைப் போட்டு வைக்க எட்டு மெமரி சிப். ஒரே சமயத்தில் எட்டு எழுத்தைச் சிப்புக்கு ஒன்றாக உள்ளே தள்ளிவிடலாம். உள்ளே போனது அழகாகப் போனது. பத்தி பத்தியாக வெளியே எடுக்கும்போதுதான் முட்டிக்கொண்டது. ஒரு பத்தியின் எட்டு எழுத்தும் ஒரே சிப்பில் கிடந்தன. அது ஒவ்வொன்றாகத்தான் கொடுக்கும். மற்ற ஏழு சிப்பும் சும்மா நிற்கும். சார் அந்த ஏழையும் பெயர் சொல்லித் திட்டுவார். ஆம், பெயர் வைத்திருந்தார். எல்லாம் தலைமை அலுவலகத்து ஆட்களின் பெயர்கள்.

இந்த முட்டுக்கட்டை மாதக்கணக்கில் நீண்டது. அந்தச் சமயத்தில் எங்கள் பியூன் மகளுக்கு ரிஷிவந்தியத்தில் கல்யாணம். பந்தியில் எட்டு வரிசை. பரிமாற எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு வாளி. சோறு விழுந்ததும் எட்டு வரிசையும் ஒரே குரலில் சாம்பார் கேட்டது. சாம்பார்க்காரன் ஒருவன் வியர்த்து ஓட, மற்ற ஏழு பேரும் வாளியோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சார் சோற்றில் கை வைக்கவில்லை. அந்த ஏழு பேரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பந்திக்கு அவர் எழுந்து நின்று அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். முதல் வரிசைக்குச் சோற்றில் ஆரம்பி, இரண்டாவதற்குச் சாம்பாரில், மூன்றாவதற்குக் கூட்டில் என்று வரிசைக்கு ஓர் இடம் தள்ளித் தள்ளி ஆட்களை நிறுத்தினார். எல்லோரும் ஒரே சமயத்தில் அடுத்த வரிசைக்கு நகரவேண்டும். யாருக்காகவும் யாரும் காத்திருக்கவில்லை, யாரும் சும்மா நிற்கவும் இல்லை. எட்டு நிமிஷத்தில் எல்லா இலையிலும் எல்லாம் இருந்தன. முதல் நிமிஷம்தான் கொஞ்சம் சங்கடம். இரண்டாவது வரிசையில் வெறும் இலையில் சாம்பார் ஆறாக ஓடி வேட்டிகளில் இறங்கியது. எட்டாவது வரிசைக்கு எடுத்த எடுப்பில் மோர் வந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் பெண்ணின் தாய்மாமன்.

"மோர ஊத்தி எழுந்துரின்னு சொல்றீங்களா? இதுக்கா என்ன களமருதூர்லேந்து வரவெச்சீங்க?" என்று அவர் இலையை மடித்துவிட்டார்.

தாய்மாமன் கோபித்துக்கொண்டால் கல்யாண வீடு என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பியூன் கையெடுத்துக் கும்பிட்டு மாமனைச் சமாதானம் செய்துகொண்டிருந்தபோது நான் சாரைத் தேடினேன். ஆள் இல்லை. சாப்பிடாமலேயே கள்ளக்குறிச்சி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். திங்கட்கிழமை நான் போனபோது போர்டில் கம்பிகளை எல்லாம் மாற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எழுத்துகளை உள்ளே வைக்கும்போதே வரிசைக்கு ஒரு சிப் தள்ளி வைத்துவிட்டால், எடுக்கும்போது பத்தியின் எட்டு எழுத்தும் எட்டு வெவ்வேறு சிப்பில் இருக்கும். எட்டும் ஒரே சமயத்தில் வெளியே வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். அவர் விஷயத்தைச் சொன்ன வேகத்தில் நான் பியூனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று கேட்கவே மறந்துவிட்டேன்.

மலையில் ஒரு போர்டு, இங்கே ஒரு போர்டு. சோதனை நாளன்று சார் இறங்கிப் போய்க் கோவிந்தனை வெல்டிங் அடிக்கச் சொன்னார். கோவிந்தன் நம்பவில்லை. மூன்று தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டான். மேலே நர்சம்மா மலையில் உள்ள ஊர்ப் பெயர்களை வரிசையாகத் தட்டினார். கீழே பொறி பறந்தது. பிரிண்டர் ஒரு நட்சத்திரம் இல்லாமல் ஊர் ஊராக அடித்துக்கொண்டே போனது. சாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஒழுங்காக அடிக்கிறாயா இல்லை ஏமாற்றுகிறாயா என்று கோவிந்தனைக் கேட்டார். இத்தனை வருஷமாக அடிக்காதே என்றீர்கள், இப்போது அடிப்பது போதவில்லை என்கிறீர்கள் என்று அவனும் கத்தினான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் 'மேல்மூங்கில்பட்டு' முழுசாக அச்சாகி வெளியே வந்தது. நான் அந்தத் தாளைக் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

சந்தோஷம் இரண்டு வாரம் நீடித்தது. பிறகு பெரிய அதிகாரி வந்தார். முறைப்படி வாங்காத பொருள் அரசாங்க மிஷினில் மாட்டப்பட்டிருக்கிறது, போதாததற்கு அரசுச் செய்தியை யாருக்கும் புரியாதபடி கலைத்து அனுப்புவது ரகசியச் சங்கேதம் ஆகும், உடனே கழற்று என்றார். சார் பேச ஆரம்பித்தார். பேசினால் மூன்றாவது மெமோ என்று அதிகாரி விரலை நீட்டினார். சார் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் என் மேஜை இழுப்பறையிலிருந்து அந்த மழை நாள் தாளை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தேன். வெளியே ஜீப் நிற்கிறது, மலையில் கரண்ட் இல்லை, போன வாரம் ஜீப் போனது கீழ்மூங்கில்பட்டுக்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன். நட்சத்திரம் இருக்கிற இடத்தில் என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். அவர் எரிச்சலோடு தாளைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார்.

"கீழ்தான்," என்றார்.

"நானும் அதத்தான் சார் போட்டேன். அந்த ஆளுக்கு ரெண்டு வெரலு இல்ல."

அவர் தாளைத் திருப்பி வைத்தார். பேனாவைத் திறந்து, சோதனை அடிப்படையில் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார். அதற்குப் பிறகு என் பிரிண்டரில் ஒரு ஊர்ப் பெயர்கூடத் தலையிழந்து வரவில்லை.

ஆண்டறிக்கை வந்தது. போர்டு பற்றி ஒரு முழுப் பக்கம். பெரிய அதிகாரியின் நேரடி வழிகாட்டுதலில் உருவாக்கப்பட்டது என்று போட்டிருந்தார்கள். சாரின் பெயர் எங்கும் இல்லை. 'ஊழியர்களின் ஒத்துழைப்போடு' என்ற இடத்தில் அவர் இருந்திருக்கலாம். நான் கொதித்துப்போய் அறிக்கையை அவரிடம் கொண்டுபோனேன். அவரும் கொதித்தார். என்னைவிட அதிகமாகவே கொதித்தார். எட்டு சிப் என்று இருக்கவேண்டிய இடத்தில் ஏழு சிப் என்று அச்சாகியிருந்ததாம். திருத்தம் கேட்டு அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பதிலுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது, கடலூர்ப் பக்கம்.

புது ஊரிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். உப்புக் காற்றில் மிஷின் துருப்பிடிக்கிறது, மேலதிகாரிக்கு மூளை இல்லை, மீன் குழம்பில் புளி கம்மி என்று நாலு பக்கம். ஓய்வு பெற்ற பிறகு கடிதம் நின்று போன் ஆனது. அதே நாலு பக்கத்தை வாயால் சொல்வார். போன மாதம் போனில் ஒரு புகாரும் சொல்லவில்லை. எல்லாம் நல்லா இருக்குதும்மா என்றார். அன்றைக்கே பை கட்டிக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கதவைத் திறந்தவர், சொல்லாமல் வந்து நிற்பது என்ன பழக்கம் என்று வாசலிலேயே சத்தம் போட ஆரம்பித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.